சுவிஸ் மூதாதையரைத் தேடி நான் தொலைத்த நான்கு வருடங்கள்

என் மாமனார் பென்சில்வேனியாவில் பிறந்து வளர்ந்தவர். "நாங்கள் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவர்கள்" என்று நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். எந்த ஊர் என்று கேட்டால் "பெர்ன்" என்பார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது, வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. பூர்வீகம் எது என்று தெரியாத குடும்பத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. அவருடைய 80வது பிறந்தநாளுக்குள் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று நானாகத்தான் வாய்விட்டேன். அது நான்கு வருடம் இழுத்தது. 9,000 டாலருக்கு மேல் போனது. அதில் பெரும்பகுதி செலவாகியிருக்கவே வேண்டாம். முதல் மாதத்திலேயே யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் ஒரு வருடத்தில், சில நூறு டாலரில் முடித்திருப்பேன். இங்கே அமெரிக்காவில் நம் பிள்ளைகள் பலர் இப்படிக் குடும்பங்களில் கல்யாணம் செய்திருக்கிறார்கள், பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளியில் வம்சாவளி எழுதி வரச் சொல்கிறார்கள். அந்த வேலையில் இறங்கப்போகும் ஒருவருக்காகவாவது இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

குடும்பப் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. அதே பெயரில் ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள். சம்பந்தமில்லாத ஒருவர் இதைப் படித்துவிட்டுத் தன் வம்சாவளியில் ஒட்டிக்கொள்ளக் கூடாது. எனக்கு நடந்ததே அதுதான். மூதாதையரின் முதல் பெயரை மட்டும் சொல்கிறேன்: யாகோப். மாமனாரிலிருந்து மேலே எண்ணினால் எட்டாவது தலைமுறை.

என் கையில் முதலில் இருந்தது ஒரே ஒரு தாள். மாமனாரின் அத்தை 1927இல் தட்டச்சு செய்து வைத்தது. பெர்னிலிருந்து மூன்று சகோதரர்கள் கப்பலேறி வந்தார்கள், ஒருவர் பென்சில்வேனியாவில் தங்கினார், ஒருவர் வர்ஜீனியாவுக்குப் போனார், மூன்றாமவர் மேற்கே போய்ச் செய்தியே இல்லாமல் போனார் என்று அதில் இருந்தது. படித்ததும் எனக்கு மெய்சிலிர்த்தது. அமெரிக்கக் குடும்பங்களில் பாதி வீட்டில் இந்த மூன்று சகோதரர் கதை இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரே பெயருள்ள குடும்பங்கள் வெவ்வேறு இடங்களில் இருப்பதற்குக் காரணம் கற்பிக்க எழுந்த கதை அது. உங்கள் வீட்டுத் தாளிலும் மூன்று சகோதரர்கள் இருந்தால், அதைக் கதையாகவே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

அடுத்து இணையத்தில் தேடினேன். வம்சாவளித் தளங்களில் நம் யாகோபை நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஏற்றியிருந்தார்கள். எல்லாரும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: 1722இல் பெர்ன் கன்டோனின் (கன்டோன் என்றால் சுவிஸ் மாநிலம்) எம்மெந்தால் பள்ளத்தாக்கில் ஒரு கிராமத்தில் ஞானஸ்நானம், 1749இல் பிலடெல்பியாவில் இறங்கினார். நாற்பது பேர் சொன்னால் உண்மையாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். நாற்பது பேரும் ஒரே ஒருவரிடமிருந்து நகல் எடுத்தவர்கள் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. அந்த முதல் ஆள் பெர்ன் பதிவேடுகளில் அந்தப் பெயரில் ஒரு குழந்தையைப் பார்த்திருக்கிறார், வயது ஏறக்குறைய ஒத்துப்போயிருக்கிறது, இணைத்துவிட்டார். ஆதாரம் என்ற இடத்தில் ஒவ்வொருவரும் இன்னொருவரின் வம்சாவளியைத்தான் காட்டியிருந்தார்கள். இதைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். நான் சோதிக்கவில்லை.

உறுதி செய்துகொள்ள ஒரு தொழில்முறை ஆராய்ச்சியாளரை அமர்த்தினேன். 2,400 டாலர், முழுப் பணமும் முன்கூட்டியே. மூன்று மாதத்தில் அழகாகப் பைண்ட் செய்த நாற்பது பக்கப் புத்தகம் வந்தது, கூடவே வண்ணத்தில் ஒரு குடும்பச் சின்னம். எம்மெந்தால், 1722, 1749 எல்லாம் அப்படியே இருந்தன. பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் பகுதிக்கு வந்த சுவிஸ்காரர் என்பதால் மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி வந்தவர் என்று இரண்டு பக்கம் உருக்கமாக எழுதியிருந்தது. அந்தச் சின்னத்தைச் சட்டம் போட்டு 80வது பிறந்தநாளுக்குக் கொடுத்தேன். மாமனார் அதை வரவேற்பறையில் மாட்டினார். வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

ஆள் வைத்துத் தேடும்போது கேட்க வேண்டியவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முழுத் தொகையையும் ஒரே தடவையில் கொடுக்காதீர்கள். முதலில் ஐந்து மணி நேர வேலைக்கு மட்டும் பேசுங்கள், அதுவும் ஒரே ஒரு கேள்விக்கு விடை தேட. அமெரிக்காவில் 1964 முதல் வம்சாவளி ஆய்வாளர்களுக்குச் சான்றளிக்கும் வாரியம் ஒன்று இருக்கிறது, அந்தச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த மகன் இந்த அப்பாவுக்குப் பிறந்தவர் என்பதற்கு ஒவ்வொரு தலைமுறையிலும் எந்தப் பத்திரம் ஆதாரம், அதன் படம் எங்கே என்று கேளுங்கள். என் புத்தகத்தில் கீழே உள்ள ஐந்து தலைமுறைக்கு ஆதாரம் இருந்தது. கடலைத் தாண்டும் இடத்தில் ஒன்றுமே இல்லை. சின்னம் விஷயமும் அப்படித்தான். சுவிட்சர்லாந்தில் விவசாயக் குடும்பங்களுக்கும் சின்னம் உண்டு, ஆனால் அது ஒரு குறிப்பிட்ட ஊரின் குறிப்பிட்ட குடும்பத்துக்கு உரியது. அதே பெயர் பக்கத்து ஊரில் இருந்தால் சின்னம் வேறு. ஊர் தெரியாமல் சின்னம் வாங்குவது வீண்.

இரண்டாம் வருடம் மூலப் பத்திரங்களை நானே பார்க்கத் தொடங்கினேன். யாகோபின் நிலம் பென்சில்வேனியாவில் இன்றைய லெபனான் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) இருக்கிறது. அங்கே போய் உயில் கேட்டேன், இல்லை. அந்தக் காலத்தில் அது லான்காஸ்டர் கவுண்டி என்று தெரிந்து அங்கே போனேன், அங்கும் இல்லை. உயிலே எழுதாமல் இறந்திருப்பார் என்று முடிவு கட்டினேன். உண்மையில் லான்காஸ்டரிலிருந்து 1785இல் டாஃபின் கவுண்டி பிரிந்தது, அதிலிருந்தும் லான்காஸ்டரிலிருந்தும் பிரிந்து 1813இல்தான் லெபனான் உருவானது. யாகோப் இறந்தது 1788இல். அவர் வீட்டை விட்டு நகரவே இல்லை, ஆனால் உயில் ஹாரிஸ்பர்கில் டாஃபின் கவுண்டி அலுவலகத்தில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினோரு மாதம் ஆனது. லான்காஸ்டரே 1729இல் செஸ்டரிலிருந்து பிரிந்ததுதான். 1749இல் யார்க்கும் 1752இல் பெர்க்ஸும் வந்தன. எந்த ஆவணத்தைத் தேடினாலும், அந்த வருடத்தில் அந்த நிலம் எந்தக் கவுண்டியில் இருந்தது என்று முதலில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்றை அதே வருடம் செய்தேன். பிலடெல்பியாவில் இறங்கிய அயல்நாட்டவர் பட்டியல்கள் 1727 முதல் இருக்கின்றன. 16 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்துக் கையெழுத்திட வேண்டும். அந்தப் பட்டியல்களை ஸ்ட்ராஸ்பர்கர், ஹிங்கே இருவரும் தொகுத்து 1934இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள். அவற்றில் நம் பெயரில் இருவர் இருந்தார்கள், 1743 செப்டம்பரில் ஒருவர், 1749இல் ஒருவர். இன்னொரு பக்கம், லான்காஸ்டரில் பக்கத்து நிலத்துக்காரர் ஒருவரின் உயில் சுருக்கம் கிடைத்தது. அதில் சாட்சியாக நம் யாகோபின் பெயர் இருந்தது, உயிலின் தேதி 1743 பிப்ரவரி. பிப்ரவரியில் இங்கே சாட்சி போட்டவர் செப்டம்பரில் கப்பலிலிருந்து எப்படி இறங்குவார்? ஆக, சாட்சி போட்டவர் வேறொருவர், 1743 கப்பல்காரர் இன்னொருவர், நம்மவர் 1749இல் வந்தவர் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

அந்தத் தீர்ப்பு என்னை ஒன்றரை வருடம் பின்னால் தள்ளியது. இங்கிலாந்தும் அதன் காலனிகளும் 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியில்தான் இருந்தன. அவர்களுக்குப் புது வருடம் மார்ச் 25இல் பிறந்தது. டிசம்பர் 1743க்கு அப்புறம் ஜனவரி 1743, பிப்ரவரி 1743, மார்ச் 24 வரை 1743தான். ஆக, அந்த உயிலின் பிப்ரவரி 1743 நம் கணக்கில் 1744. யாகோப் செப்டம்பரில் இறங்கினார், ஐந்து மாதம் கழித்துச் சாட்சி போட்டார். அவ்வளவுதான் விஷயம். எழுதியவர் இறந்த பிறகு உயில் நிரூபிக்கப்பட்டது 1744 ஏப்ரலில் என்று அதே பக்கத்தில் இருந்தது. சாகக் கிடந்த ஒருவர் எழுதிய உயிலுக்கு எப்படிப் பதினான்கு மாத இடைவெளி என்று அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஒரே மனிதரை இரண்டாகப் பிரித்து இரண்டு பேரையும் தூக்கிப் போட்டிருந்தேன். 1752க்கு முந்தைய ஆங்கிலப் பத்திரத்தில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் தேதி எது வந்தாலும் நின்று யோசியுங்கள். சுவிட்சர்லாந்திலும் இது ஒரே மாதிரி இல்லை. கத்தோலிக்கக் கன்டோன்களில் பெரும்பாலானவை 1584இலேயே புது நாட்காட்டிக்கு மாறிவிட்டன, சூரிச், பெர்ன், பாசல் போன்ற சீர்திருத்தச் சபை (புராட்டஸ்டன்ட்) கன்டோன்கள் 1701இல்தான் மாறின. இன்னொன்று, பாதிரியார் பதிவேட்டில் '7பெர்' என்று இருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர். லத்தீனில் 'செப்டெம்' என்றால் ஏழு, அந்த எண்ணை வைத்து எழுதுவார்கள், 8பெர் அக்டோபர், 9பெர் நவம்பர்.

இதற்கு நடுவில் மரபணுச் சோதனைகள், தளங்களின் சந்தா என்று 1,100 டாலர் போனது. எட்டுத் தலைமுறை தள்ளி இருக்கும் ஒருவரிடமிருந்து வந்த மரபணு நம்மிடம் ஒன்றுமே இல்லாமலும் போகலாம். பொருந்துகிறார் என்று காட்டிய தூரத்து உறவினர்கள் எல்லாரும் அந்த நாற்பது பேரின் வம்சாவளியைத்தான் ஏற்றி வைத்திருந்தார்கள். பொய்க்குப் பொய்யே சாட்சி சொன்னது.

மூன்றாம் வருடம் நானும் கணவரும் சுவிட்சர்லாந்துக்குப் போனோம். விமானம், விடுதி, ரயில் பாஸ் எல்லாம் சேர்த்து 5,200 டாலர். எம்மெந்தாலில் அந்தக் கிராமத்துக்குப் போய்ச் சர்ச் முன்னால் நின்று படம் எடுத்தேன். மாமனாருக்குக் காட்ட அங்கிருந்து ஒரு கூழாங்கல் கூட எடுத்துக்கொண்டேன். மறுநாள் பெர்ன் நகரத்தில் கன்டோன் ஆவணக் காப்பகம். ஞானஸ்நானப் பதிவேட்டில் 1722இல் அந்தக் குழந்தை இருந்தது. எனக்கு உதவிய பெண்மணி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இறப்புப் பதிவேடும் பார்த்தீர்களா?" என்று கேட்டார். எதற்கு என்று புரியாமல் பார்த்தேன். அவரே எடுத்துப் புரட்டினார். 1729இல் அதே அப்பா பெயர், அதே பண்ணை வீட்டின் பெயர், ஏழு வயதுப் பையன், அடக்கம் செய்யப்பட்டான்.

நான் மூன்று வருடம் தேடியவன் ஏழு வயதில் இறந்துபோன குழந்தை. அமெரிக்காவில் நாற்பது குடும்பங்கள் அவனைத் தங்கள் மூதாதை என்று வைத்திருக்கின்றன. காப்பகத்துக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பணம் போனதற்கா, அந்தப் பையனுக்கா, வரவேற்பறையில் தொங்கும் சின்னத்துக்கா என்று எனக்கே தெரியவில்லை. அன்று இரவு விடுதியில் இன்னொன்று தெரிந்தது. பெர்ன் கன்டோனின் பழைய சர்ச் பதிவேடுகளைப் படமெடுத்துக் காப்பகம் தன் தளத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் என் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்தே பார்த்திருக்கலாம்.

ஆகவே, ஐரோப்பாவில் ஒரு குழந்தையின் ஞானஸ்நானம் கிடைத்துவிட்டால், அது உங்கள் ஆள் என்று நிரூபிப்பதற்கு முன்னால், அந்தக் குழந்தை வளர்ந்ததா என்று பாருங்கள். அதே ஊரில் இறந்ததா, அங்கேயே கல்யாணம் செய்து வாழ்ந்ததா என்று தேடி, இரண்டும் இல்லை என்றான பிறகுதான் கடல் தாண்டியதாக நினைக்கவே வேண்டும். ஒரு குழந்தை இறந்தால் அடுத்துப் பிறந்ததற்கு அதே பெயரை வைப்பதும் அங்கே வழக்கம். ஒரே வீட்டில் இரண்டு யாகோப் இருந்தால் குழம்ப வேண்டாம், பெரும்பாலும் மூத்தவன் போயிருப்பான்.

ஊர் திரும்பி மாமனாரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்ச் சின்னத்தைக் கழற்றினார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அதற்கப்புறம் ஆறு மாதம் நான் இந்தக் கோப்புகளைத் தொடவே இல்லை.

மறுபடி தொடங்க வைத்தவர் லான்காஸ்டரில் ஒரு நூலகத்தில் வேலை செய்யும் வயதான பெண்மணி. என் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "சுவிட்சர்லாந்தை மறந்துவிடு. இந்தப் பக்கத்திலேயே இரு. அவர் யார் பக்கத்தில் குடியிருந்தார், யார் குழந்தைக்கு ஞானப்பெற்றோராக நின்றார், யாருக்குச் சாட்சி போட்டார், அதைப் பார்" என்றார். புது நாட்டுக்கு வந்தவர்கள் தெரிந்த முகத்தின் பக்கத்தில்தான் குடிசை போடுவார்கள். நாமும் இங்கே வந்தபோது அப்படித்தானே செய்தோம்.

முதலில் ஞானஸ்நானப் பதிவு. எங்கள் பகுதியில் ஊர் ஊராகச் சுற்றிய பாதிரியார் ஒருவரின் பதிவேட்டை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அச்சிட்டிருக்கிறார்கள். அதில் 1746இல் யாகோபுக்கும் அன்னா மரியாவுக்கும் 'ரெகினா' என்ற மகள். இணைய வம்சாவளிகளில் மூத்த மகள் 'ரேச்சல்', பிறப்பு சுமார் 1752 என்று இருந்ததால், இது வேறு குடும்பம் என்று முதல் வருடமே தள்ளியிருந்தேன். இந்த முறை மூலப் பதிவேட்டின் படத்தைக் கேட்டு வாங்கினேன். ஜெர்மன் மொழியின் பழைய கையெழுத்து முறைக்குக் குரென்ட் என்று பெயர். எழுத்துகள் எல்லாம் சாய்ந்த கோடுகளாக, e எழுத்தையும் n எழுத்தையும் பிரித்தறிய முடியாமல் இருக்கும். இரண்டு மாதம் தினமும் அரைமணி நேரம் எழுதிப் பழகியிருந்தேன். அந்தப் படத்தில் இருந்தது ரெகினா அல்ல, ரெகுலா.

அந்த ஒரு சொல்தான் கதவைத் திறந்தது. ஃபெலிக்ஸ், ரெகுலா இருவரும் சூரிச் நகரத்தின் காவல் புனிதர்கள். சூரிச் மக்கள் சீர்திருத்தச் சபைக்கு மாறிய பிறகும் அந்தப் பெயர்களை விடவில்லை. பெர்ன் விவசாயக் குடும்பத்தில் அந்தப் பெயரை எளிதில் எதிர்பார்க்க முடியாது. டாஃபின் உயிலில் அதே மகளை எழுத்தர் 'ரேச்சல்' என்று எழுதியிருந்தார். ஒரே பெண், மூன்று பெயர். அதோடு இன்னொன்றும் தெளிவானது: பச்சைக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் மெனோனைட்டாக இருக்க முடியாது. வளர்ந்தவர்களுக்கு மட்டுமே ஞானஸ்நானம் என்பதற்காகத்தானே அவர்களைத் துரத்தினார்கள். அந்த இரண்டு உருக்கமான பக்கங்களும் அதோடு முடிந்தன.

அப்புறம் பக்கத்து நிலத்துக்காரரின் உயில். முதல் தடவை நான் பார்த்தது சுருக்கம். உயில் புத்தகங்களில் இருப்பதுகூட எழுத்தர் எடுத்த நகல்தான், எல்லாக் கையெழுத்தும் ஒரே கையில் இருக்கும். மூல உயில் தாள் தனியாகக் கோப்பில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். கேட்டேன், இருந்தது. அதில் யாகோப் தன் கையாலேயே குரென்டில் போட்ட கையெழுத்து. 1934 தொகுப்பின் இரண்டாம் தொகுதி முழுக்கப் பட்டியல் கையெழுத்துகளின் நிழற்பட நகல்கள். 1749 ஆளுக்குக் கையெழுத்து இல்லை, எழுத்தர் பெயர் எழுதி நடுவில் அவர் ஒரு குறி மட்டும் போட்டிருக்கிறார். 1743 ஆளின் கையெழுத்தில் முதல் எழுத்தின் நீண்ட சுழியும், கடைசி எழுத்துக்குக் கீழே இழுத்த கொக்கியும் உயிலில் இருந்தது போலவே இருந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இரவு மணி ஒன்று. கணவரை எழுப்பிக் காட்டினேன்.

ஆகவே இந்தப் பட்டியலைப் பெயர் பார்ப்பதற்காக மட்டும் புரட்டாதீர்கள். ஆங்கிலேய எழுத்தர்கள் காதில் விழுந்ததை எழுதினார்கள், பெயர் எப்படி வேண்டுமானாலும் மாறியிருக்கும். ஹூபர் ஹூவர் ஆனது, ஷ்னைடர் ஸ்னைடர் ஆனது, ஸிம்மர்மான் அர்த்தத்தை மொழிபெயர்த்துக் கார்ப்பென்டர் ஆனது. சுவிஸ்காரர்களையும் சேர்த்து எல்லாரையும் 'பாலட்டைன்' என்றே எழுதியிருப்பார்கள், அதை நம்பி ஜெர்மனியின் பாலட்டினேட் பகுதியில் தேடப் போய்விடாதீர்கள். உண்மையிலேயே அங்கே ஒன்றிரண்டு தலைமுறை இருந்துவிட்டு வந்த சுவிஸ் குடும்பங்களும் உண்டு, அதற்கும் ஆதாரம் பார்க்க வேண்டும். அதேபோல் ஜெர்மன் பதிவுகளில் பெண்களின் குடும்பப் பெயரோடு 'இன்' சேரும். ம்யூலர் வீட்டுப் பெண் ம்யூலரின். அது தனிக் குடும்பப் பெயர் இல்லை.

உயில் எழுதிய அந்தப் பக்கத்து நிலத்துக்காரரின் பெயர் அரிதான பெயர். சுவிஸ் குடும்பப் பெயர் நூல் என்று ஒன்று இருக்கிறது, இணையத்தில் இலவசம். 1962 நிலவரப்படி எந்தக் குடும்பத்துக்கு எந்த ஊரில் குடியுரிமை என்று அதில் இருக்கும், எந்தக் காலத்திலிருந்து என்பதும் இருக்கும். சுவிஸ்காரர்களுக்குப் பிறந்த ஊரைவிடக் குடியுரிமை ஊர்தான் முக்கியம். தலைமுறை தலைமுறையாக அப்பா வழியில் வந்தது, இன்றுகூட அவர்கள் கடவுச்சீட்டில் பிறந்த இடம் இருக்காது, அந்த ஊர்தான் இருக்கும். நாம் பூர்வீகம் என்று சொல்வதேதான். நம் யாகோபின் பெயர் முப்பதுக்கும் மேற்பட்ட ஊர்களில் இருந்தது. பக்கத்து நிலத்துக்காரரின் பெயர் சூரிச் கன்டோனில் இரண்டே ஊர்களில். அரிதான பெயர் உங்களுடையதாக இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரருடையதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

1730களில் சூரிச் மக்களிடையே கரோலினாவுக்கும் பென்சில்வேனியாவுக்கும் போகும் வெறி பரவியது. அரசு தடுத்துப் பார்த்தது. 1744இல், 1734 முதல் யார் யார் போனார்கள் என்று பட்டியல் தரும்படி ஊர் ஊராகப் பாதிரியார்களுக்கு ஆணை போனது. அந்தப் பட்டியல்களை ஃபவுஸ்ட் என்பவர் 1920இல் அச்சிட்டார், பெர்ன், பாசல் பட்டியல்கள் 1925இல் இரண்டாம் தொகுதியாக வந்தன. பழைய நூல், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முதல் வருடம் நான் இரண்டாம் தொகுதியை மட்டும் புரட்டினேன், பெர்ன் என்று மனதில் பதிந்திருந்ததால். இப்போது முதல் தொகுதியைத் திறந்தேன். சூரிச்சுக்கு வடக்கே ஒரு சின்ன ஊர். பக்கத்து நிலத்துக்காரர் 1738இல் போனார். அதே ஊர், 1743: யாகோப், வயது 31, மனைவி பார்பரா, குழந்தைகள் ஹைன்ரிஹ், ரெகுலா, ஃபெலிக்ஸ். வயது ஐந்து, மூன்று, அரை.

சூரிச்சில் பழைய பதிவேடுகளைப் படித்துத் தரும் ஒரு வாசிப்பாளரை நான்கு மணி நேரத்துக்கு மட்டும் அமர்த்தினேன், 420 ஃபிராங்க். அவர் ஞானஸ்நானம், திருமணம் எல்லாவற்றையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் படத்தோடு அனுப்பினார். கூடவே வீட்டுப் பட்டியல் ஒன்று. 1634 முதல் சூரிச் பாதிரியார்கள் வீடு வீடாகப் போய் யார் இருக்கிறார்கள், என்ன வயது, பிள்ளைகள் வேதபாடம் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று எழுதி வைத்தார்கள். அதில் யாகோப் சின்னப் பையனாக இருக்கிறான், வேதபாடக் கேள்வி பதில் மனப்பாடம் என்று குறிப்பு. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவர் எனக்கு ஒரு ஆளாகத் தெரிந்தார்.

பெர்ன் எங்கிருந்து வந்தது என்பதும் புரிந்தது. பக்கத்துப் பெர்க்ஸ் கவுண்டியில் பெர்ன் என்றே ஒரு டவுன்ஷிப் (சிறு ஊராட்சி) இருக்கிறது. யாகோபின் மகன் சில வருடம் அங்கே குடியிருந்து வரி கட்டியிருக்கிறார். அத்தையின் தாளில் இருந்த ஊர்ப் பெயர் மட்டும் பொய்யில்லை. அத்தை முதல் நான் வரை எல்லாரும்தான் கடலுக்கு அப்பால் இருக்கும் பெர்ன் என்று எடுத்துக்கொண்டோம். காரில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாத ஊர்.

ஆனால் அந்த அச்சிட்ட பக்கத்தில் என் கண் நின்றது வேறு இடத்தில். பார்பராவும் மூன்று குழந்தைகளும். அமெரிக்கப் பதிவுகளில் அவர்கள் எங்குமே இல்லை. பிலடெல்பியாவின் பெரும்பாலான பட்டியல்களில் பெண்களும் குழந்தைகளும் எழுதப்படவே இல்லை, ஆகவே இறங்கினார்களா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. பாசலிலிருந்து ரைன் நதி வழியாக ரோட்டர்டாம், அங்கிருந்து இங்கிலாந்து, அப்புறம் அட்லாண்டிக். 1750இல் அதே கடலைக் கடந்த மிட்டல்பெர்கர் என்ற ஜெர்மன்காரர், ஒன்று முதல் ஏழு வயதுக் குழந்தைகள் அந்தப் பயணத்தில் பிழைப்பது அரிது என்றும், தன் கப்பலில் 32 குழந்தைகள் கடலில் போடப்பட்டதாகவும் எழுதி வைத்திருக்கிறார். 1746இல் யாகோபின் மனைவி அன்னா மரியா. அவர்களின் முதல் மகளுக்கு வைத்த பெயர் ரெகுலா.

இதை மாமனாரிடம் எப்படிச் சொல்வது என்று மூன்று நாள் யோசித்தேன். படங்களையெல்லாம் வரிசையாக மேசையில் வைத்து, இந்த முறை ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் எது என்று காட்டிச் சொன்னேன். கையெழுத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு வீட்டுப் பைபிளை எடுத்து வந்து, குடும்பப் பெயர்கள் எழுதிய பக்கத்தைத் திறந்து, பார்பரா, ஹைன்ரிஹ், ரெகுலா, ஃபெலிக்ஸ் என்று நான்கு பெயரையும் என்னை எழுதச் சொன்னார். பிறந்த வருடங்களை எழுதினேன். இறந்த தேதிக்கான இடத்தை அப்படியே விட்டுவிடச் சொன்னார்.

இப்போது அன்னா மரியா யார் வீட்டுப் பெண் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். உயிலில் "என் அன்பு மனைவி" என்று மட்டும்தான் இருக்கிறது. 1746 ஞானஸ்நானத்தில் ரெகுலாவுக்கு ஞானப்பெற்றோராக நின்ற தம்பதியின் பெயர் தெரியும். அந்தத் தம்பதி 1740களில் எந்தக் கவுண்டியில் இருந்தார்கள் என்று பார்க்க அடுத்த வாரம் ஹாரிஸ்பர்க் போகிறேன்.